கூடிப்போன தகடு

வவுனியாவில் யாரோ அடித்து நிமிர்த்தியதாம்,
உழவு மெசினின் பொனற்.
மாங்குளச் சந்திக்குப் பின்னால் என் பட்டறையில்
இறக்கி வைத்தார் செல்வவிநாயகம்.
"பார்க்க நேர்தான் பிள்ளை,
ஆனா கதைக்குது."

பெருவிரலால் அமத்தினேன்.
டொப்.
விரலை எடுத்தேன்.
டொப்.
வெயிலுக்கு வெளியே, மழைக்கு உள்ளே,
வயலில் ஓடினால் நாள் முழுக்கத் தவளை வயிறு.

இடப்பக்கம்
பித்தளை உருக்கி அடைத்த நாலு ஓட்டை.
எண்ணினேன். கேட்கவில்லை.
அவை சத்தம் போடுவதில்லை.

அடி காணாமல் வந்ததல்ல இது,
கூடி வந்தது.
ஒவ்வொரு அடிக்கும் தகடு
மயிரளவு மெலியும், மயிரளவு அகலும்.
விளிம்போ இடம் விடாது.
அகன்றது எங்கே போகும்?
மேலே வரும், கீழே போகும்,
இருக்க இடமில்லாதவன்போல.

"இன்னும் ரெண்டு போட்டால் படியாதோ?"
படியாது.
சுத்தியலைக் கொண்டுபோய் எட்டத்தில் வைத்தேன்.
அவர் முகம் சுருங்கியது;
காசு சுத்தியலுக்கல்லவா.

காஸ் முனையைச் சின்னதாக்கி
ரெண்டு ரூபாய்க் குத்தியளவு இடம் மட்டும்
செம்பரத்தையாய்ச் சிவக்கும்வரை.
சிவந்தது கொப்பளித்து எழும்பும்.
கீழே பழைய அச்சுத்துண்டு,
மேலே மரக்கொட்டனால்
சுற்றிவர நாலு தட்டு, நடுவில் ஒன்று,
உடனே ஈரச் சாக்கு.
ஸ்ஸ்.
ஆவி விலகியபோது
தகடு தன்னில் கொஞ்சத்தைத் தானே விழுங்கியிருந்தது.

ஆறு புள்ளி சரி.
ஏழாவதில் அவர் கச்சான் விலை சொல்லத் தொடங்கினார்,
மூட்டைக்கு எவ்வளவு,
லொறிக்காரன் எவ்வளவு குறைத்தான்.
நானும் கேட்டுக்கொண்டு நெருப்பை வைத்திருந்துவிட்டேன்.
அந்த இடம்
புளியங்காய் கடித்த வாய்போல
உள்ளே இழுபட்டுப்போனது.

இழுபட்டதை இளக்க ஒரே வழிதான்.
எழும்பிப்போய்
எட்டத்தில் வைத்த சுத்தியலை எடுத்துவந்தேன்.
"நான் அப்பவே சொன்னனான்தானே"
என்று வாங்கில் சாய்ந்தார்.
மூன்று அடி. எண்ணி மூன்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் பெருவிரலால் அமத்தினேன்.
ஒன்றுமில்லை.
அவரும் அமத்தினார். உள்ளங்கையால், முழங்கையால்,
காதை வைத்துக்கூடப் பார்த்தார்.
இருநூறு ரூபாய் குறைத்துத் தந்தார்,
லொறிக்காரனின் கணக்கில்.

இரவு பட்டறையைப் பூட்டும்போது
பகல் சூடு இறங்கி
என் கூரைத் தகடு சொன்னது:
டொப்.

கிடக்கட்டும்.
அதற்கு யாரும் காசு தரவில்லை.