நாற்பத்தைந்து குதிரைகள்

பனி காயுமுன் இறங்கினால்
வைக்கோல் கட்டுக்குள்ளேயே புழுங்கிவிடும்.
பத்து மணி வரை
சேத்தியாத்தோப்பு மதகோரம்
வண்டியை நிறுத்தி
டீசல் வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தைந்து குதிரையாம் இதற்குள்.
ஒன்றுகூட வைக்கோல் தின்றதில்லை.
மாதம் பிறந்தால்
பதினெட்டாயிரம் தவணை தின்கிறது.

பெரிதாக வாங்கியிருக்கலாம் என்றான் மச்சான் கலியமூர்த்தி.
பெரியது இந்த வரப்பில் திரும்பாது.
சின்னதோ, கட்டும் மிஷினை மாட்டினால்
ஈர வயலில் மூச்சு வாங்கும்.
எனக்கு வாய்த்தது நடு.

இன்று செல்லப்பெருமாள் வயல்.
அறுப்பு மிஷின் விட்டுப்போன வரிசைமேல்
முதல் கியரில் ஊர்கிறேன்.
பின்னால் டொக்கு டொக்கென்று இடி,
கயிற்று முடிச்சு,
பொத்தென ஒரு கட்டு.
கூலி கேட்காமல் பின்தொடரும் கொக்குகள்.

நூற்றுப் பன்னிரண்டாவது கட்டில்தான் உறைத்தது,
சட்டைப்பை கனக்கவில்லை.
அறுந்த கயிற்றை எடுக்கக் குனிந்தேனே, அப்போதுதான்.

பாதிக் கட்டு லாரியில் ஏறிவிட்டது.
பவுனாம்பாள் தன் போனிலிருந்து அழைத்தாள்.
தொடர்பு எல்லைக்கு அப்பால், என்றது குரல்.
கட்டு கட்டாகக் காது வைத்துப் பார்த்தோம்;
சுணைதான் ஏறியது காதில்.
"பாலக்காட்டு மாடு எடுத்துப் பேசட்டும்"
லாரிக்கார ஜோசுட்டி சிரித்தான்.

மீதியும் ஏற்றி, தார்ப்பாய் இழுத்து,
வண்டி மெயின் ரோடு தொட்டதும்
மேலடுக்கில் எங்கோ மணியடித்தது.
பவுனாம்பாள் கை வெறுங்கை.
மாதம் பத்தாம் தேதி, இந்நேரத்துக்கு
பைனான்ஸ்காரர்தான்.

கையைத் தூக்கினால் நிறுத்துவான்.
தூக்கத்தான் வேண்டும்.
ஸ்டியரிங்கிலேயே இருந்தது கை,
லாரி வளைவில் மறையும் வரை.