தன்மைப் பன்மை

பல்லார்டு எஸ்டேட், ஆறாம் மாடி.
வெளியே ஜூலை.
துறைமுகத்தில் நிற்கும் மூன்று கப்பல்கள்
ரப்பரால் பாதி அழித்த பென்சில் கோடு மாதிரி.

மேசையைச் சுற்றி எஃகு, சிமென்ட், உரம், கப்பல்.
முதலில் அப்படித்தான் குறித்துக்கொள்வேன்,
பெயர்கள் பிறகு.
நோட்டில் தமிழில் கிறுக்கி
இரவு ஆங்கிலத்தில் தட்டி அனுப்புவது என் வேலை.
இரண்டு பக்கத்துக்கு மிகக்கூடாது.

வீ, என்கிறது எஃகு.
வீ, என்கிறது சிமென்ட்.
அவர்களுக்கு அது ஒரே சொல்.
எனக்கு ஒவ்வொரு தடவையும் பேனா நின்றுவிடுகிறது:
நாங்களா, நாமா?

கேட்டுக் கேட்டு ஒரு வழி பிடித்திருக்கிறேன்.
இலக்கு ஆண்டைச் சொல்லும்போது நாங்கள்.
செலவைச் சொல்லும்போது நாம்.

ராஜ்புரோஹித் தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தார்.
நிலக்கரியை நிறுத்துகிறேன்,
சூளையில் வேறு எதையாவது எரிக்கிறேன்,
கல்லை என்ன செய்வது?
சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால்
வயிற்றுக்குள் இருப்பதை அதுவே விடுகிறது.
பாதிக்கு மேல் அந்தக் கணக்குதான்.
அதனால்தான் உங்கள் உலைக்கசடை வாங்கி
அரைத்துக் கலக்கிறோம்.

(அந்த 'உங்கள்' மட்டும்
சந்தேகமில்லாமல் எழுத முடிந்தது.)

வைஷாலி கோர்படே கையைத் தூக்காமலே பேசுவார்:
அடுத்த உலை ஹைட்ரஜனில்.
கசடு குறையும்.
வருவதும் வேறு மாதிரி இருக்கும்,
உங்களுக்கு உதவாது.

ஏசி சொட்டும் இடத்தில் வைத்த பக்கெட்
இதுவரை சத்தமே போடாதது போல்
சத்தம் போட்டது.

அப்படியென்றால், என்றார் அவர் மெல்ல,
நீங்கள் சுத்தமாக ஆக
நாங்கள் அழுக்காவோம்.

உரமும் கப்பலும் தனியாக ஒரு மூலையில்.
வாங்குவதாக எழுதிக் கொடுங்கள், அமோனியா ஆலை கட்டுகிறோம்.
கட்டிக் காட்டுங்கள், இன்ஜினை மாற்றுகிறோம்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
சிரிப்பை மறைக்கக் குனிந்து
தேதியை இரண்டாம் முறை எழுதினேன்.

செம்பூரில் என் வீட்டில்
இரவு பத்துக்கு மேல் ஜன்னலைத் திறக்கமாட்டோம்.
அந்த வாடைக்கு ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்ல முடியாது,
காற்று எல்லாப் புகைக்கூண்டையும் கலந்துதான் அனுப்புகிறது.
திறக்கமாட்டோம்.
இதில் யார் யார்?
'ஓம்' விகுதி இரண்டுக்கும் ஒன்றுதான்.
தமிழும் சில சமயம் நழுவும்.

இன்று நானும் நழுவினேன்.
மேற்கொண்டு ஆராய ஒப்புக்கொள்ளப்பட்டது
என்று எழுவாயே இல்லாமல் முடித்து
கீழே கோடு போட்டேன்.
கூட்டம் நிறைவு, மாலை 5.40.

லிஃப்டில் நான்கு பேருக்குத்தான் இடம்.
மிச்சப்பட்டவர்கள் படியில்,
அவர்கள் இருவர் முன்னால், நான் பின்னால்.
நாலாம் மாடித் திருப்பத்தில் ராஜ்புரோஹித் நின்றார்.
பழைய உலை நிஜமாக எப்போது அணையும்?
பத்திரிகைக்குச் சொன்ன தேதி வேண்டாம்.

வைஷாலி ஒரு மாதத்தைச் சொன்னார், ஒரு வருடத்தை.
டீ பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.
அதற்குள் களிமண்ணைச் சுட்டுக் கலந்து பார்க்கலாம், என்றார்,
கல் கேட்கும் சூடு அதற்கு வேண்டாம்.
உங்கள் ஆலையில் வெப்பம் வீணாகத்தானே போகிறது?

ஆபண் பகூ, என்றார் வைஷாலி.

பார்ப்போம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.
தட்டிக்கழிக்கவும் இதையே சொல்வார்கள்,
வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் பற்றி
நாலு மாதமாக இதைத்தான் சொல்கிறார்.
ஆனால் மராத்தியிலும் இரண்டு உண்டு,
ஆம்ஹி, ஆபண்.
அவர் ஆபண் என்றார்.

நோட்டு பைக்குள், பை பிளாஸ்டிக் கவருக்குள்.
வாசலில் மழை முழங்கால் அளவு.
எழுத முடியாது,
கூட்டம் 5.40க்கே முடிந்துவிட்டது.