மனு நாள்

"பிலோமியோட யாரு போறது?"
அன்பியக் கூட்டத்தில் சிஸ்டர் கேட்டபோது
எல்லோரும் பாயில் கோரை எண்ணிக்கொண்டிருந்தோம்.
எனக்கு இருமல் வந்தது.
அதையே சம்மதமென்று எழுதிக்கொண்டார்கள்.

சிரேன் ஊர் சீமோனும்
வயலிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆள்தானே.
பிடித்துத் தோளில் ஏற்றினார்கள்.
சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலை வரும்போதெல்லாம்
முழங்கால் வலியில் நான் கவனிக்காமல் விட்டவன்.

பதினைந்து நாளுக்கொரு செவ்வாய்.
தார் சுற்றும் கூலியில் ஒரு நாள் போகும்.
சோமனூரில் ஏறினால்
கருமத்தம்பட்டி மாதா கோயில் தெரிகையில்
அவள் சிலுவை போடுவாள், நானும் போடுவேன்.
நீலம்பூர் தாண்டுவதற்குள் குமட்டல்.
பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடி
முதுகைத் தடவுவேன். கண்டக்டர் முகம் சுளிப்பார்.
இதற்கெல்லாம் செபம் இருக்கிறதா தெரியாது.

ஜெயில் வாசலில்
போன், பர்ஸ், தலையில் குத்திய இரண்டு பின்,
எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டு
மனுச்சீட்டோடு உள்ளே போவாள்.
நான் டீக்கடை பெஞ்சில்.
'சிறையில் இருந்தேன், தேடி வந்தீர்கள்'
என்று வாசிக்கிறார்கள்.
நான் வந்தது கேட் வரைக்கும்தான்.
மீதியை யார் கணக்கில் எழுதுவார்கள்?

ஒரு தடவை அவள் போன் அடித்தது.
குழுக்கடன் வசூல் பையன்.
"அவங்க உள்ள இருக்காங்க" என்றேன்.
எந்த உள்ளே என்று அவன் கேட்கவில்லை.
"சரிங்க்கா, அடுத்த வாரம் பண்றேன்."

முதல் தடவை, வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன்:
"பையன் எப்படியிருக்கான்?"
"எளச்சுட்டானுங்க."
அப்புறம் ஊர் வரும் வரை பேச்சில்லை.
இப்போது கேட்பதில்லை.
டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு
ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லட்டும்.
சொல்லாமலும் இருக்கட்டும்.

ஜெரால்டு குத்தியது
காணிக்கைமேரி மகனை.
டாஸ்மாக் வாசலில், எண்பது ரூபாய் பாக்கிக்கு.
பூசையில் காணிக்கைமேரி இரண்டாம் பெஞ்சு.
பிலோமி இப்போதெல்லாம்
வாசலில் தீர்த்தத் தொட்டியோரம் நின்றுவிட்டு
நன்மை வாங்காமலே போய்விடுகிறாள்.

என் பக்கத்து மெஷினில்தான்
காணிக்கைமேரியும் தார் சுற்றுகிறாள்.
நான் போகத் தொடங்கியதிலிருந்து
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
தறிச் சத்தத்தில் பேசாமலிருப்பது சுலபம்.
டிபன் பெட்டி திறக்கும் அரைமணி நேரம்தான் கஷ்டம்.
நின்றுவிடலாமா என்று சாமியாரிடம் கேட்டேன்.
"ம்" என்றார்.
வீடு வந்த பிறகும்
அதற்கு என்ன அர்த்தமென்று தெரியவில்லை.

போன திங்கள், ஷிப்டு முடிந்து
நூல் பஞ்சைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தேன்.
என் கூடையில் எலுமிச்சம்பழம் இரண்டு விழுந்தது.
"அவளுக்கு பஸ்ஸு ஒத்துக்காது.
வேளாங்கண்ணி போனப்ப வழி நெடுக
என்ற மடியிலதான் தலைய வெச்சுட்டு வந்தா."
நான் வாயைத் திறப்பதற்குள்,
"நான் குடுத்தேன்னு சொல்லீராதீங்க."
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க
எனக்கு உரிமையில்லை.
பழம் இரண்டு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நேற்று நீலம்பூருக்கு முன்பே ஒன்றை நீட்டினேன்.
தோலை நகத்தால் கீறி
மூக்கருகில் வைத்துக்கொண்டாள் பிலோமி.
"ஏதுங்க்கா பழம்?"
"நம்ம பங்குக்காரங்க தோட்டத்துது."
பொய்யென்றும் சொல்ல முடியாது, மெய்யென்றும் முடியாது.
கண்ணை மூடி என் தோளில் சாய்ந்தாள்.
ஹோப்ஸ் காலேஜ் வரை குமட்டவில்லை.

மடியில் அவள் போன், பர்ஸ், இரண்டு பின்.
வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது.
இன்னொரு பழம்
திரும்பும் வழிக்காகப் பையில் இருக்கிறது.