பிக்மியக்கா

கும்பகோணம் பெரிய தெருவுக்குள் நான் வருவது ஐந்தேகாலுக்கு.
மேற்கு வெயில் அண்டாக்களுக்குள் இறங்கி
பித்தளையாகவே ஆகிப்போன நேரம்.
"பிக்மியக்கா வந்தாச்சு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்,
கல்லாக்கள் திறக்கும்.
ஐம்பது, நூறு,
முந்தாநாள் விட்டதையும் சேர்த்து நூற்றைம்பது.

இரவு வீட்டில் எண்ணும்போது
நோட்டை முகர்ந்தே கடையைச் சொல்லிவிடுவேன்.
ஈரம் அடித்தால் ராவுத்தர் வெற்றிலை மண்டி.
புளி தேய்த்த விரல் பட்டிருந்தால் பாத்திரக்கடை.
பவர்லால் அடகுக்கடையில் ஓமம், எப்போதும் ஓமம்,
அவருக்கு வயிறு சரியில்லை.
பட்டையும் கசகசாவும் வெந்த பாசிப்பருப்பும் மணத்தால்
சாந்தாராம் டிபன் கடை, அன்றைக்குக் கடப்பா.

போன வியாழன் இரண்டு பையன்கள்
டேப்பும் படிவமுமாக வந்தார்கள்.
பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்கிறார்களாம்.
டிபன் கடை மாடியில் சுதை மயிலைப் படம் பிடித்தார்கள்.
அதன் கழுத்தைச் சுற்றித்தான்
அடுத்த மூன்று வீட்டுக்கும் கேபிள் போகிறது.

"எந்த வருஷம் கட்டினது?"

"அஞ்சு மாமாங்கம் இருக்கும்" என்றார் சாந்தாராம், கரண்டியோடு.
"ஏழு" என்றார் எதிர்க்கடையிலிருந்து ராவுத்தர்.
"எங்க அத்தாவோட அத்தா இதுக்குச் சுண்ணாம்பு ஏத்தி விட்டிருக்காரு."
பவர்லால் மாமாங்கக் கணக்குக்கெல்லாம் வருவதில்லை.
"பத்திரத்துல இருக்கும். பத்திரம் என்கிட்ட இருக்கு"
என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைத்தார்.
சாந்தாராம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பையன் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தான்.
இட்லி வந்தது.
கடப்பாவைத் தொட்டு ஒரு வாய் வைத்ததும்
பெருக்கலை விட்டான்.

"இதையும் எழுதுவீங்களா தம்பி?" என்றேன்.
"கட்டடம் மட்டும்தான் அக்கா."

சாந்தாராம் கேட்டது ஒன்றே ஒன்று:
"பட்டியல்ல ஏறிட்டா ஓடு மாத்த விடுவாங்களா?
அடுப்புக்கு நேரே ஒழுகுது."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள்.

ஆறு தட்டு. காசு வாங்கவில்லை.
நான் கிளம்பும்போது கல்லாவைத் துழாவிவிட்டு
"நாளைக்குச் சேத்து வாங்கிக்குங்க" என்றார்.
அவர் அட்டையைப் பார்த்தேன்,
நாற்பத்தொரு நாள் விடாமல் என் கையெழுத்து.
ஒன்றும் சொல்லாமல் ரசீது கிழித்தேன்.

அன்றிரவு எண்ணினேன்.
வெற்றிலை, புளி, ஓமம்.
ஓர் ஐம்பதில் மட்டும் தலைவலித் தைலம்,
என் பர்ஸில் கிடந்தது.