கண்ணளவு

மூன்று சல்லடைகள் இருக்கின்றன என்னிடம்.
பிடியை அழுத்தச் சலிக்கும் தகரக் குவளை
கிறீச்சிடும்.
ரீகாவில் இந்தக் குடியிருப்புச் சுவர்களுக்குக்
காது கொஞ்சம் அதிகம்.
பக்கத்து வீட்டு குனார்ஸ்
துறைமுகக் கிரேனிலிருந்து இறங்கி வந்து
இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பான்.

ஒரு கரண்டி கோகோவுக்குத் தேநீர் வடிகட்டி போதும்.
ஆறு கேக்குக்கு அதை எடுத்தால்
மாவைச் சலித்து முடிப்பதற்குள்
எனக்குச் சலித்துவிடும்.

சலிக்கவே வேண்டாம்,
கம்பிக் கலக்கியால் நாலு சுற்று போதும் என்பாள்
கடைக்காரி ஸ்கைத்ரீதே.
போன வாரம் போதுமென்று விட்டேன்.
சோடாக் கட்டியொன்று நேராகப் போய்
மாப்பிள்ளையின் நாக்கில் கரைந்தது.
கல்யாணப் படத்தில் அந்த முகம்
அப்படியே இருக்கிறது.

ஆகவே அகன்ற வட்டச் சல்லடை.
விளிம்பை உள்ளங்கையால் தட்டுகிறேன்.
ரை மாவு தவிட்டை மேலே விட்டுவிட்டு
இறங்குகிறது.
சன்னலுக்கு வெளியே பனி.
ஒப்பிட நேரமில்லை.

தட், தட்.
சுவரின் அந்தப் பக்கமிருந்தும்
தட், தட்.
திட்டா, தாளமா?
கையை நிறுத்தினேன்.
அதுவும் நின்றது.

கண்களில் சிக்கியிருந்த
இஞ்சித்தூள் கட்டியை
விரலால் நசுக்கினேன், சத்தமில்லாமல்.