பன்னிரண்டு கோரைப்பற்கள்

கொல்லனுக்குப் பன்னிரண்டு கோரைப்பற்கள் வேண்டுமாம்.
பன்றிக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு
ஆறு பன்றி போதுமென்று கிளம்பினேன்.
பதினேழாவது பன்றியும் பொக்கை வாயோடு செத்தது.

லெஷெக், இந்தக் காட்டில் யாரடா
பன்றிகளுக்குப் பல் பிடுங்குகிறவன்?

பதில் வர நேரமாயிற்று.
போலந்தில், தன் அறையில், அவன்
எரிமலையின் வயிற்றுக்குள் நாற்பது பேரோடு
ஒரு நாகத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தான்.
அவன் எழுபத்திரண்டாம் நிலை. நான் மூன்று.
என் கையில் மரக்கத்தி,
காலில் செருப்பு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று.

'நாற்பது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ, மீர்க்கா,
அப்புறம்தான் ஆட்டமே.'

பல்தானே கிடைக்கவில்லை என்கிறேன்.

பன்றி பிறக்கும் புல்திட்டைச் சுற்றி
ஏழு பேர் காத்து நிற்கிறோம், எல்லோரும் புதுசு,
எல்லோருக்கும் ஒரே பழுப்புச் சட்டை.
பிறந்தது நான்கு காலில் நிற்பதற்குள்
அதன் மேல் மூன்று கத்தி.
முதல் வெட்டு யாருடையதோ பன்றி அவருடையது.
மற்றவர்கள் மறுபடி புல்லைப் பார்க்கிறோம்.

எனக்கு இது புதிதா என்ன.
ஐஸ்லாந்தின் மேற்குக் குடாவில் ஒரு மீன் ஆலை,
அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை.
காட் மீனின் சதையை அதன்மேல் விரித்து
உள்ளே சுருண்ட புழுவைக் கத்திமுனையால் எடுக்கிறேன்,
காலை ஆறிலிருந்து.
ஒரு துண்டில் ஐந்து இருக்கும்,
அடுத்த ஐந்தில் ஒன்றும் இராது.
தலைக்கு மேல் அங்கேயும் ஒரு திரை:
என் எண், மணிக்கு எத்தனை கிலோ.
வேகம் குறைந்தால் பச்சை மஞ்சளாகும்,
மேற்பார்வையாளர் ஹால்டோரா
ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்து நிற்பாள்.

அங்கே சம்பளம் தருகிறார்கள்.
இங்கே மாதச் சந்தா நான் கட்டுகிறேன்.

'காசு கொடுத்து ஓவர்டைம் பார்க்கிறவளை
இப்போதுதான் பார்க்கிறேன்' என்றாள்
அறைத்தோழி லிகாயா, போர்வைக்குள்ளிருந்து.
அவளுக்கு என்ன சொல்ல.
அப்பாவைப் புதைத்த பிறகு
அண்ணனும் நானும் போனில் பேசியது
வானிலை மட்டும். அதுவும் அங்கே மழை, இங்கே பனி,
அதற்கு மேல் வானத்துக்கும் விஷயமில்லை.
நாற்பதைத் தொட்டால் அவனோடு ஒரே குகைக்குள் போகலாம்
என்று அவன்தான் சொன்னான்.

டிசம்பரின் ஒரு ராத்திரி அவனே இறங்கி வந்தான்.
சிறகு முளைத்த எருது, தோளில் எரியும் கவசம்.
ஒரு எட்டுத்தான் வைத்தான்,
அந்த அனலிலேயே மூன்று பன்றி கருகி விழுந்தது.
ஏழு புதுசும் ஒரே குரலில் வைதார்கள்.
எனக்குத் திரையில் சிவப்பெழுத்து:
துணை மிகவும் பெரியவர், அனுபவப் புள்ளி இல்லை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.
பிறகு ஒவ்வொன்றாய்க் கழற்றினான்:
கவசம், கையுறை, பேர்பெற்ற அந்த வாள்.
குழுவிலிருந்தும் விலகிக்கொண்டு
வெறும் அரைக்கால் சட்டையோடு
வேலிமேல் ஏறி உட்கார்ந்தான்.

'அங்க விடிஞ்சிடுச்சா?'
'இங்கே ஜனவரி கடைசியில்தான் வெயிலே.'
'இடப்பக்கம் பார், ஒண்ணு பிறக்குது.'
அடித்தேன். பல் இல்லை.
'அப்பாவோட கோட்டு இன்னும் ஆணியிலதான் தொங்குது.'
அடித்தேன். பல் இருந்தது.
'யாருக்காவது கொடுத்துடலாமா?'
நான் பதில் எழுதுவதற்குள்
வேறொருத்தி என் பன்றியைக் கொண்டுபோனாள்.
'சரி, தொங்கட்டும்' என்றான் அவனே.

ஐந்தே காலுக்குப் பையில் பதினொன்று.
இன்னும் ஒரு பல். அதைக் கொடுத்தால்
கொல்லன் ஒரு தகரக்கத்தி தருவான்,
ஆற்றுக்கு அப்பால் ஓநாய்கள், முப்பது தோல்.
லெஷெக் வேலியைவிட்டு இறங்கவில்லை.
அலாரம் அடித்தது. ரப்பர் பூட்ஸைத் தேடினேன்.
புல்லில் பன்றி ஒன்று எழுந்து நின்றது,
இரண்டு பக்கமும் வெள்ளையாய்.
பக்கத்தில் நின்ற பையனை
முதலில் வெட்ட விட்டேன்.