கருநீல மூடி

இந்தக் குழாய்க்கு மட்டும் கருநீல மூடி.
மற்ற மூடிகளின் ரப்பரில்
துத்தநாகம் ஒளிந்திருக்கும்.
இரத்தத்தைக் கேட்டால்
மூடி பதில் சொல்லிவிடும்.

ஸ்வான்சீ. நவம்பர்.
ஆய்வகச் சன்னலில் மூன்றாம் நாள் மழை.
ஆர்கான் சுடருக்குள் ஒரு துளியை அனுப்பினேன்.

துத்தநாகம்: முப்பத்து நான்கு.
செம்பு: ஒன்று.

பதினொன்றாவது இருக்க வேண்டும்.
கருவியைக் கழுவினேன்,
தெரிந்த கரைசலை ஓட்டிச் சரிபார்த்தேன்.
மறுபடி ஒன்று.

ஒரு காலத்தில் உலகத்துக்கே செம்பு உருக்கிய ஊர் இது.
டாவே ஆற்றங்கரையில் கசடு குன்றாய்க் குவிந்து
புல்லும் முளைக்க மறுத்த பள்ளத்தாக்கு.
அங்கே பிறந்த ஒருவர் உடம்பில்
செம்புக்குப் பஞ்சம்.

வார்டுக்குப் போன் செய்தேன்.
டாக்டர் நெரிஸ் சொன்னாள்:
பஞ்சின்மேல் நடப்பதுபோல் என்கிறார்.
கண்ணை மூடச் சொன்னால் சாய்கிறார்.
இறந்துபோன மனைவியின் பேர்
ஒரு கணம் பிந்தித்தான் வருகிறது.
"காசு ஏதும் விழுங்கினாரா, கேள்" என்றேன்,
கேலியில்லாமல்.

துத்தநாகம்.
பேருக்குள்ளேயே ஒரு நாகம் படுத்திருக்கிறது.
ஆனால் பகை என்று தள்ளிவிட முடியாது.
கார்டிஃபில் படித்தபோது
எலி மூளையின் சீவலொன்றை
வெள்ளிக் கரைசலில் நனைத்துப் பார்த்தேன்.
கடல்குதிரை என்று பேர்வைத்த வளைவில்
கரும்பழுப்பாய் ஒரு நாடா எழுந்து வந்தது.
அத்தனையும் துத்தநாகம்.
ஒரு செல் இன்னொன்றோடு பேசும்போது
சொல்லோடு இதிலும் ஒரு துகள் கொடுக்கிறது,
கத்தாதே என்று தோளில் கைவைப்பதுபோல்.
மூச்சு முட்டிய மூளையில்
அதே துகள் வெள்ளமாய் இறங்கினால்
சொன்னதும் சாகும், கேட்டதும் சாகும்.

அமிர்தம், நஞ்சு என்று ஒரு பழமொழி உண்டு.
என் அறிக்கைப் படிவத்தில்
அதற்குக் கட்டமில்லை.

வியாழக்கிழமை நெரிஸ் கூப்பிட்டாள்.
பல்செட் பசை.
வாரத்துக்கு நாலு குழாய்.

எல்வின் ப்ரொதரோ பிங்கோ கூப்பிடுகிறவர்.
லான்சாம்லெட்டில் ஒரு மன்றம்,
செவ்வாயும் சனியும், முப்பது வருஷம்.
மனைவி போனபின் சாப்பாடு குறைந்தது,
ஈறு சுருங்கியது, பல் ஆடியது.
ஒரு சனிக்கிழமை 'சிக்ஸ்டி சிக்ஸ்' என்றபோது
மேல்வரிசை நழுவி நாக்கில் விழுந்தது.
முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அன்றிலிருந்து பசை.
காலை, மதியம்,
மேடையேறும் முன் இரண்டு முறை.

விழுங்கிய பசையில் துத்தநாகம்.
அது வரவரக் குடல்சுவரில் காவலர் பெருகினார்கள்.
காவலருக்கோ செம்பின்மேல்தான் மோகம்.
வந்த செம்பையெல்லாம் கட்டியணைத்து
உதிரும் செல்லோடு
தாங்களும் உதிர்ந்து போனார்கள்.
உலையில் இரண்டும் கூடினால் பித்தளை.
வயிற்றில் ஒன்று நுழைந்தால்
மற்றது வாசலோடு சரி.
பாதத்தின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும்
முதுகுத்தண்டு நரம்புகள்
உறை நைந்து பட்டினி கிடந்தன.
கீழே தரை இருக்கிறது
என்ற தகவல் மேலே போகவில்லை.

பசையை நிறுத்தினார்கள். செம்பு கொடுத்தார்கள்.
புதுப் பல்லுக்கு அளவெடுத்தார்கள்.
கால் முழுதாய்த் திரும்பாது என்று
நெரிஸ் அவரிடமே சொல்லிவிட்டாள்.
பேர் பிந்தி வந்தது செம்பாலா, வேறு எதனாலா,
அதை அவளும் சொல்லவில்லை.
இப்போது உட்கார்ந்து கூப்பிடுகிறாராம்.

நான் அவரைப் பார்த்ததில்லை.
பஸ் அந்த மன்றத்தைத் தாண்டும்போது
கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன்,
அவ்வளவுதான்.

ஏப்ரலில் மறுபடி ஒரு கருநீல மூடி.
இரவு இரண்டு மணி.
துத்தநாகம் பதினாறு.
அடுத்த எண்ணைத்
திரையில் பார்த்ததும் எழுந்து நின்றேன்.
ஆளில்லாத ஆய்வகத்தில்
உரக்கக் கூப்பிட்டேன்:
"பன்னிரண்டு!"

யாரும் கட்டம் அடிக்கவில்லை.
பின்னால் சுழலி மட்டும்
வேகம் குறைந்து, குறைந்து,
நின்றது.